மற்ற தொண்ணூற்றொன்பது கரடிகள்

ஹோரியா காலையில் எழுந்து காபி போட்டான். மனைவி ரலூக்கா இறந்த பிறகு ஒரு கோப்பைதான். குடித்துவிட்டுத் தேனீப்பெட்டிகளைச் சுற்றியிருந்த மின்வேலிக்குப் போனான். மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்க ஈரப் புல் ஒன்றைப் பிடுங்கிக் கம்பியில் வைத்தான். விரலில் சுருக்கென்றது.

வேட்டைக் கழகத்து நிக்கோடிம் வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"தம்பி, புக்காரெஸ்ட் மேல்கோர்ட்லயும் உம் பொண்டாட்டிதான் ஜெயிச்சிருக்கா. ரேடியோவுல சொன்னான். எங்க துப்பாக்கிக்கு இனிமே துருதான்."

எந்தக் கரடி என்று சொல்லாமல் வெறும் எண்ணிக்கை போட்டுக் கரடி வேட்டைக்கு உத்தரவிட அமைச்சருக்கு அதிகாரம் கிடையாது என்பது ரலூக்காவின் வழக்கு. ஊரே எதிர்த்தும் ஒற்றை ஆளாக வாதாடினாள். முதல் விசாரணைக்குச் சற்று முன்னால் ஒரு கரடி இவர்களுடைய பெட்டிகளையே உடைத்துப் போட்டது. அரசு வக்கீல் அதை நீதிமன்றத்தில் சொல்லிச் சிரித்தார்.

"ஆமா, எங்க தேனத்தான் தின்னுச்சு," என்றாள் அவள். "அந்தக் கரடியச் சுட அனுமதி குடுங்க, சட்டத்துல இடமிருக்கு. நீங்க நூறு கரடிக்கு உத்தரவு போட்டிருக்கீங்க. மத்த தொண்ணூத்தொம்பது என்ன தின்னுச்சு?"

"அன்னிக்கு எதிர்ப்பக்கம் உக்காந்திருந்த நானே சிரிச்சிட்டேன்," என்றார் நிக்கோடிம். தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "கெட்டிக்காரி. கடைசி வரைக்கும் கேஸப் பத்தித்தான் பேசியிருப்பா."

ஹோரியா இல்லையென்று தலையசைத்தான். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் கண்ணைத் திறந்து அவனிடம் கேட்டது வேறு.

"வேலிக்குக் கரண்ட் விட்டியா?"