முகப்பு வேலை

கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிய கருவியோடு அவள் வெற்றுச் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். அவளுக்கு மட்டும் அங்கே கடிகாரமும் குடும்பப் படங்களும் அந்தரத்தில் தெரிந்தன. கருவியை வாங்குகிறவர்கள் வீட்டில் அதை மாட்டியதும் கண்ணில் படும் முகப்பை வடிவமைப்பதுதான் வேலை. கடிகாரத்தை இரு விரலால் கிள்ளிப் பிடித்து ஒரு சாண் பின்னால் தள்ளினாள். அது இரண்டாகப் பிரிந்து, மெல்லச் சேர்ந்தது.

"மறுபடியும் ரெண்டா தெரியுதாக்கா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"மெதுவா பேசுடி. இன்னும் ஆறு வாரம் பல்லக் கடிச்சிட்டு ஓட்டிட்டா வேலைய நிரந்தரம் பண்றோம்னு சொல்லியிருக்காங்க."

தினமும் எட்டு மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். எட்டாவது மாதம் இது.

வீட்டில் ஒருநாள் தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினாள். பஸ் ஓட்டும் கணவன் அதைத் துடைத்துவிட்டு, மறுநாள் கண் டாக்டரிடம் அழைத்துப் போனான். மூன்று மாதம் கருவியைத் தொடவே கூடாது என்றார் டாக்டர்.

திரும்பும்போது சாலையைக் கடக்க அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேலைய விட்டுடு. நான் ரெண்டு ஷிப்ட் ஓட்டுறேன்."

"தூக்கத்துலயா? பஸ்ல இருக்கவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அவன் சிரித்தான். கையை விடவில்லை.

"நில்லுங்க, ரெண்டு வண்டி வருது."

"ஒண்ணுதாம்மா," என்றான்.

மேலாளரிடம் கருவி மாட்டாத மேசை வேலை கேட்டுப் பார்த்தாள். "மாட்டிப் பாக்காம எப்படிம்மா வடிவமைப்பீங்க? முடியலன்னா சொல்லிடுங்க, ஆள் காத்துக்கிட்டு இருக்கு," என்றார் அவர், கோபமில்லாமல். அவள் மறுபடி மாட்டிக்கொண்டாள். மாலையானதும் கணவன் ஈரத்துணியை மடித்து அவள் கண்மேல் வைத்துவிட்டு, அன்று பஸ்ஸில் நடந்த கதையெல்லாம் சொல்வான்.

கடைசி வாரம் மேலாளர் ஒரு வாசகம் அனுப்பினார். முகப்பில் சேர்க்கச் சட்டம் சொல்கிறதாம். எந்த இடத்தில் வைத்தால் நன்றாகத் தெரியும் என்று பார்த்து, சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும்.

மூன்று மணி நேரமாகக் கழற்றாமல் நின்றாள். எதிரே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆடின: 'உங்கள் கண்கள் முக்கியம். அரை மணிக்கு ஒருமுறை கருவியைக் கழற்றி ஓய்வெடுங்கள்.'

யாருக்கும் தெரியாமல் கருவிக்குள் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாகத் தெரிந்த வாசகம் ஒன்றானது. அதைக் கிள்ளிப் பிடித்து நடுவில் நிறுத்தினாள்.