சத்தம் போடாத பிழை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, பிழையே காட்டாத ஒரு புரோகிராமின் கதை சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அதை எழுதிக் கொடுத்தவளுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவாள், எழுவாள், ஆறிய தேநீரை எடுத்து, குடிக்காமலே வைப்பாள். மூன்று பேருடைய ரத்தக் குழாய்கள் குளிர்பெட்டியில் இருக்கின்றன. கணினியில் பதிவு இல்லை. பதிகிற வேலை அவளுடைய நாத்தனாருக்கு. பன்னிரண்டு மணிக்குக் கூடத்தை நடத்தும் டாக்டரம்மா விசாரிக்கப் போகிறார். நாத்தனாரின் வேலை போனாலும் போகும்.

"நான் ஏத்தினேன் அண்ணி. சேவ் அழுத்தினேன், அது ஒண்ணுமே சொல்லலை."

"சொல்லியிருக்கும்டி. போன மாசம்தானே எல்லா ஸ்கிரீனுக்கும் சேர்த்து ஒரே பொறி வெச்சேன்? எங்கே தடுக்கினாலும் அது பிடிச்சு, திரையில காட்டி, பிழைப் பட்டியல்லயும் எழுதிடும். பட்டியல் காலியா இருக்கு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்படியா சொன்னேன்?"

"வாயால சொல்லலை."

அண்ணிக்குச் சுருக்கென்றது. குழாய்களை எடுத்துப் பார்த்தாள். மூன்று பெயரும் ரயில் வண்டி நீளம். ஒன்றைத் தானே அடித்து, சேவ் அழுத்தினாள். திரை வாயே திறக்கவில்லை. உள்ளே தேடினால் பெயர் இல்லை. பெயருக்கு அவள் விட்டிருந்த இடம் இருபது எழுத்து. நீண்டதை அது ஏற்கவில்லை. சரி, பொறி ஏன் பிடிக்கவில்லை?

நிரலைத் திறந்தாள். சேமிக்கிற பகுதியின் தலையில் ஒரு பழைய வரி: பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் மேலே போ. இரண்டு வருஷத்துக்கு முன், டாக்டரம்மாவுக்கு முதல்முதலாகக் காட்டிய அன்று, திரையில் பிழைப்பெட்டி வந்து மானத்தை வாங்கியதால் அவளே செருகியது. சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்தவள் மறந்தே போனாள். அந்த வரி பிழையை வாசலிலேயே மறித்துவிட்டதால், பொறிவரை எதுவும் போய்ச் சேரவில்லை.

மணி பதினொன்றே முக்கால். வரியை அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? நடைக்கூடத்தில் இரண்டு முறை போய்வந்தாள். நாத்தனார் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா வந்ததும் அண்ணிதான் முதலில் பேசினாள்.

"டாக்டர், இவ மேல தப்பில்லை. என் புரோகிராம்தான் பிழையை விழுங்கிடுச்சு. விழுங்கச் சொன்னவ நான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இந்த மூணு மட்டும்தானா?"

இரண்டு வருஷத்து ரசீதுக் கட்டுகள் மேஜைக்கு வந்தன. நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் கம்ப்யூட்டர்ல தேடறேன், நீங்க பேரைப் படிங்க அண்ணி. சத்தமா. விழுங்காம."

உங்கள் வீட்டில் எது தடுக்கினாலும் உடனே காதில் விழட்டும் கண்ணுகளா. அதைச் சொன்னவர் மேல் யாரும் சீறாமல், எல்லாரும் நன்றாக இருங்கள்.