நோட்டில் நீந்திய மீன்கள்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாயிலிருந்து தண்ணீர் வாங்கும் பொன்செல்வியின் குளம் ஒன்றரை ஏக்கர்தான். நான் ஊரில் சொல்லும்போது மட்டும் அது மணிமுத்தாறு அணையைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். முப்பத்துநாலு வருஷம் போக்குவரத்துக் கழகத்தில் நேரக் காப்பாளராக இருந்து, வண்ணார்பேட்டைக்குப் பஸ் வந்த நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதியவன் நான். என்னிடம் இருந்த உண்மையெல்லாம் ஓய்வு பெற்ற அன்றைக்கே தீர்ந்துபோயிற்று.

பொன்செல்வி மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம். தேயிலைத் தோட்ட வேலை முடிந்தபோது அப்பா அம்மாவுக்குக் கிடைத்த பணம் முழுக்க இந்தக் குளத்துக்குள்தான் கிடக்கிறது. தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க வருகிறவர்களுக்கு மாதச் சந்தா. முதலில் அவளுக்கு ட்ரவுட் மீன் விட ஆசை. “அது மலைக்குளிர் மீனு தாயி, நம்ம சித்திரை வெயில்ல இங்கன விட்டா குழம்பாத்தான் கைக்கு வரும்” என்று நான்தான் தடுத்தேன். கட்லா, ரோகு, மிர்கால் என்று மூவாயிரம் குஞ்சு விட்டாள். பகலில் பாளையங்கோட்டையில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அவள் வேலைக்குப் போய்விடுவதால், வாசலில் ஒரு நோட்டு வைத்தாள். யார் எத்தனை மீன் பிடித்துக்கொண்டு போகிறார்களோ, அவரவரே எழுதவேண்டும்.

எங்களை நம்பித் திறந்து வைத்துவிட்டுப் போனாள், பாவம்.

முதல் நாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் காசிலிங்கம் ‘இரண்டு’ என்று எழுதினார். அவர் பை காற்றில் ஆடிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். சும்மா இருப்பேனா? ‘ஐந்து’ என்று எழுதினேன். மறுநாள் அவர் ‘ஏழு’. தொம்மை இருக்கிறாரே, புன்னக்காயலில் படகோட்டிவிட்டு இப்போது மகள் லூசி வீட்டோடு பாளையங்கோட்டையில் இருப்பவர், அவர் “கடலைப் பாத்தவன் குட்டையில தோக்கவா?” என்று ‘பதினொன்று’ போட்டார். ஒன்றரை வருஷத்தில் என் பேரில் மட்டும் தொள்ளாயிரத்துப் பதினேழு மீன். உண்மையில் மாட்டியது நாற்பத்தொன்று. அதில் ஒன்று தவளை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொன்செல்வி சந்தோஷமாக வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, நோட்டைக் கூட்டிப் பாத்தேன். எல்லாருமா ரெண்டாயிரத்து அறுநூத்திப் பதினாலு பிடிச்சிருக்கீங்க. உள்ள நானூறுகூட மிச்சமில்ல. அதுக்குத் தக்கன மாசாமாசம் தீவனத்தையும் கொறைச்சுக்கிட்டே வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை மூவாயிரம் குஞ்சு வருது.”

நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காசிலிங்கத்தின் தூண்டிலில் நிஜமாகவே ஒரு கட்லா மாட்டியது. பானை அளவுக்குத் தலை. அதன் பின்னால் உடம்பென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

“தலைக்கு மட்டும் வயசாயிருக்கு, வே” என்றேன்.

தொம்மை சிரிக்கவில்லை. மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பட்டினி கெடக்குது. உள்ள மீனு நெரியுது, தீவனமோ கொறைஞ்சு போச்சு. இதுல இன்னும் மூவாயிரத்த விட்டா, குஞ்சு வளர வளர தண்ணியில மூச்சு பத்தாது. மேகம் மூடின ஒரு விடியக்காலம் போதும், அம்புட்டும் மல்லாந்துரும்.”

மூன்று பேரும் நோட்டு இருந்த திசையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

“நீர்நாய் வந்துட்டுன்னு சொல்லுவமா?” என்றார் காசிலிங்கம்.

“நீர்நாய் வந்தா மீனு கொறையும், வே. நமக்கு மீனு கூடிப்போச்சு. ஆயிரம் பிள்ளைகளுக்கு உண்மை பேசுன்னு பாடம் எடுத்தவரு நீரு. நீரே போய்ச் சொல்லும்” என்றேன்.

“பாடம் எடுத்தேன். பேசிப் பழக்கமில்லையே” என்றார் அவர்.

ஞாயிறு காலை வேன் வந்துவிட்டது. காற்றடைத்த பைகளில் கடுகு போலக் குஞ்சுகள். பைகளை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டாள் பொன்செல்வி. பைக்குள் இருக்கும் சூடும் குளத்துச் சூடும் ஒன்றானால்தான் திறக்கலாம். இருபது நிமிஷம் ஆகும். எனக்கும் அந்த இருபது நிமிஷம்தான். பதினேழைத் தொண்டையைச் செருமியே செலவழித்தேன்.

“தாயி, நான் பிடிச்சது நாப்பத்தொண்ணுதான்.”

“அடக்கமாப் பேசாதீங்க அண்ணாச்சி. நீங்க தூண்டிலத் தூக்கினா மீனு வரிசையில நிக்குதுன்னு ஊரே சொல்லுது.”

“ஊருக்குச் சொன்னதே நான்தான், தாயி.”

அவள் பையின் முடிச்சில் கை வைத்துவிட்டாள். என் பேச்சு எடுபடாது என்று தெரிந்ததும் தொம்மை வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். ஒரே வீச்சு. இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. எண்ணினால் நாற்பத்தாறு மீன். ஊரில் நாலாயிரம் என்று சொல்லியிருக்கிறேன், அது வேறு. நாற்பத்தாறும் தலை பெருத்து, வயிறு ஒட்டி, எலும்பெண்ணலாம் போலக் கிடந்தன.

பொன்செல்வி கரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

“எங்கப்பாவும் அம்மாவும் நாப்பது வருஷம் கொழுந்து சுமந்த காசு அண்ணாச்சி இது” என்று பைய சொன்னாள்.



வேன்காரர் குஞ்சுகளைத் திரும்ப எடுத்துப்போக முடியாது என்றார், வழியிலேயே செத்துவிடுமாம். பொன்செல்வி எழுந்து, கால்வாய்த் தண்ணீரில் வண்டல் அடங்குவதற்காக ஓரத்தில் வெட்டியிருந்த சின்னப் பள்ளத்தைக் காட்டினாள்.

“குஞ்சு ரெண்டு மாசம் அங்கன வளரட்டும். அதுக்குள்ள பெரிய குளத்துல ஆயிரம் மீனாவது வெளிய போகணும். நோட்டுல எழுதினதுல பாதியையாவது இனிமே பிடிங்க. தராசு நான் பிடிப்பேன்.”

அவள் காலையில் வேலைக்குப் போகுமுன்னும் சாயங்காலம் வந்த பின்னும் எங்களுக்கு வேலை என்றால் வேலை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போய், “அந்தக் குளத்துல மீனு முட்டுது, வாங்க, வே” என்று உண்மையைச் சொன்னேன். ஒருத்தன் நம்பவில்லை. “போதும் அண்ணாச்சி” என்று டீயை உறிஞ்சினார்கள். தொம்மையின் மகள் லூசி வலையில் துள்ளிய மீனைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான், சனி ஞாயிறுகளில் கரை கொள்ளாமல் ஆள் வந்தது. புதுச் சந்தாவே முப்பது பேர். தீவனமும் பழைய அளவுக்கு ஏறியது. ஏழாவது வாரம், வெளியே போன மீன் ஆயிரத்தைத் தாண்டிய பிறகு, தொம்மை வலை வீசியபோது வந்த கட்லாவுக்குக் கழுத்துக்குக் கீழேயும் மீன் இருந்தது.

நேற்றுக் காலை முதல் தொகுதிக் குஞ்சுகளைப் பெரிய குளத்துக்கு மாற்றினோம். இப்போது ஒவ்வொன்றும் விரல் நீளம். நான் முழங்கை நீளம் என்பேன். பொன்செல்வி வலைக்கூடையை என் கையில் கொடுத்தாள்.

“எண்ணி விடுங்க அண்ணாச்சி. நீங்க சொல்லுததத்தான் எழுதப்போறேன்.”

முட்டளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணினேன். காசிலிங்கம் கரையிலிருந்து என் உதட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். கடைசிக் குஞ்சு என் விரலை உரசிக்கொண்டு இறங்கியபோது, ஐநூறு என்று சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது.

“நானூத்தி எழுபத்தொம்பது” என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. எழுதினாள்.