பேனாட்டின்ரை பாவசங்கீர்த்தனம்

என்ரை மனுசன் பேனாட் சாகேல்லை. அதுதான் பிரச்சினை. இப்பிடிச் சொல்லுறாளே எண்டு நீங்கள் வாயிலை கை வைச்சாலும் எனக்குக் கவலையில்லை.

ரெண்டாயிரத்து இருபத்தொண்டு ஏப்ரல். கொரோனா மூண்டாந்தரம் வந்து ஆக்களை அள்ளிக்கொண்டு போன நேரம். இந்தக் குளிர்நாட்டிலை, அஜக்ஸ் எண்ட ஊரிலை எங்கடை வீட்டு மேல்மாடியிலை மகள் நடாஷா கொம்பியூட்டருக்கு முன்னாலை குந்தியிருந்து யூனிவேர்சிற்றி படிச்சாள். அறுநூற்றெழுபது வரியத்துக்கு முந்தி ஐரோப்பாவிலை வந்த கொள்ளைநோயைப் பற்றி ஒரு பாடம். சாப்பாட்டு மேசையிலையும் அதே கதைதான். கிணத்துக்கை நஞ்சு போட்டவை எண்டு யூதச் சனத்தை உயிரோடை எரிச்சவங்களாம். தங்களைத் தாங்களே சவுக்காலை அடிச்சுக்கொண்டு ஊர் ஊராய்ப் போன கூட்டமும் இருந்ததாம்.

"விசர்ச் சனம். ஆரிலையாவது பழியைப் போட்டாத்தான் அவங்களுக்கு நித்திரை வரும்," எண்டு சொல்லிப்போட்டு நான் புட்டுக்குக் கறியை விட்டன்.

இன்னொரு நாள் அந்தக் காலத்து இங்கிலாந்து ஆயர் ஒருத்தரின்ரை கடிதத்தை வாசிச்சுக் காட்டினாள். சாமிமார் கனபேர் செத்துப் போச்சினம், மிச்சப்பேர் பயத்திலை நோயாளியளிட்டைப் போகினமில்லை. அதாலை சாகக்கிடக்கிறவை ஆரிட்டை எண்டாலும் தங்கடை பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமாம். ஆம்பிளை இல்லாட்டி, ஒரு பொம்பிளையிட்டைக்கூட.

"ஈவின் அ வுமன் எண்டு எழுதியிருக்கிறார் அம்மா!" எண்டு நடாஷா கத்தினாள். கேட்ட ஆள் அதை வெளியிலை விட்டா பெரும்பாவமாம், அதையும் வாசிச்சாள். பேனாட் கையிலை எடுத்த புட்டை வாயிலை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை அவர் வேலை செய்யிற வெயர்ஹவுசிலை பத்துப் பேருக்குக் கொரோனா வந்து, அவருக்கும் வந்திட்டுது. அஞ்சாம் நாள் மத்தியானம் உதடு நீலம். அம்புலன்சுக்குப் போன் அடிச்சுப்போட்டு, அவர் கெஞ்சினபடியாலை சாமியாருக்கும் அடிச்சன். சாமியார் பாவம், வீட்டுக்குள்ளை வரேலாது, போனிலை பாவசங்கீர்த்தனம் கேக்கவும் ஏலாது, மனசுக்குள்ளையே பாவத்துக்கு வருந்தி உத்தம மனஸ்தாபப்படச் சொல்லுங்கோ எண்டார். பேனாட்டுக்கு அது பத்தேல்லை. கையெழுத்தில்லாத கடுதாசியை நம்பாத ஆள் அவர்.

"செலீன், நீ கேள்."

"என்னத்தை?"

"அந்த ஆயர் சொன்னவரெல்லே. பொம்பிளை எண்டாலும் பரவாயில்லையெண்டு."

பரவாயில்லையாம்! முப்பது வரியம் சமைச்சுப் போட்டவளுக்கு வந்த பதவி உயர்வைப் பாருங்கோ. ரெண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அறை வாசலிலை கதிரையை இழுத்துப் போட்டு இருந்தன். சின்னச் சின்னப் பாவமெல்லாம் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "றோயின்ரை பேப்பரை நான் போஸ்ட் பண்ணேல்லை," எண்டார்.

றோய் என்ரை தம்பி. அம்மாவும் அப்பாவும் சண்டையிலை விழுந்த ஒரே ஷெல்லிலை போனபிறகு ஊரிலை தனிச்சு நிண்டவன். தாய் தேப்பன் இல்லாத தம்பியை இஞ்சை கூப்பிடலாம், ஆனா குறிச்ச வயது கடக்கமுந்தி குடிவரவுக் கந்தோருக்குப் பேப்பர் போகவேணும். அப்ப நாங்கள் இஞ்சை பார்க்டேல் எண்ட இடத்திலை ஒரு அறை வீட்டிலை இருந்தனாங்கள்: நான், பேனாட், என்ரை தங்கச்சி மக்டலீன். நான் எல்லாம் நிரப்பிப் பேனாட்டிட்டைக் குடுத்தன். மாதக்கணக்காய்ப் பதிலில்லை. விசாரிச்சா, அப்பிடியொரு பேப்பரே வரேல்லையாம். வயதும் கடந்திட்டுது. மக்டலீனிட்டைத்தானே போஸ்ட் பண்ணக் குடுத்தனான் எண்டார் பேனாட். "மாதாவாணை, அத்தான் என்னட்டைத் தரவேயில்லை," எண்டு அவள் அழுதாள். றோய் களவாய் ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் ஏத்தின வள்ளத்திலை வெளிக்கிட்டு, கடலிலை மூழ்கிச் செத்துப்போனான். உடம்புகூடக் கிடைக்கேல்லை. அவன்ரை முப்பத்தொண்டாம் நாள் பூசைக்கு வந்த மக்டலீனைக் கோயில் படியிலை வைச்சு, "தம்பியைத் தின்னி!" எண்டு சனத்துக்கு முன்னாலை கத்தித் தள்ளிவிட்டது நான்தான். இருபத்தேழு வரியமாய் அவளோடை கதையில்லை.

"ஏன்?" எண்டு கேட்டன்.

"ஏற்கெனவே உன்ரை தங்கச்சி. இன்னொரு ஆளையும் நான் சுமக்கிறதோ எண்டு நினைச்சன். ஒரு கிழமை பிந்தட்டும் எண்டு வைச்சிருந்தன், பிறகு கிழிச்சுப்போட்டன்."

நான் வாய் திறக்கமுந்தி அம்புலன்ஸ்காரர் ஏறி வந்திட்டினம்.

மூண்டு கிழமை ஆஸ்பத்திரியிலை கிடந்தார். ஊரெல்லாம் அவருக்காகச் செபிச்சுது. நானும் ஒவ்வொரு நாளும் முழங்காலிலை நிண்டு முழுச் செபமாலை சொன்னன், அவர் சாகவேணும் எண்டு. கடவுள் ஊரின்ரை செபத்தைத்தான் கேட்டவர்.

வீட்டை வந்த மூண்டாம் நாள் றோயின்ரை கதையை எடுத்தன். மனுசன் விரலை வாயிலை வைச்சார். "அது பாவசங்கீர்த்தனம். நீ வாய் திறக்கேலாது, என்னட்டைக் கேக்கவும் ஏலாது. ஆயரே எழுதியிருக்கிறார். சூப் இருக்கோ?"

சூப்பைச் சுடப்பண்ணிக்கொண்டு குசினியிலை நிண்டு யோசிச்சன். பிறகு கோப்பையோடை போய்க் கேட்டன்: "நான் உங்களுக்கு அபராதம் தந்தனானோ?"

அபராதம் எண்டா, பாவத்தைக் கேட்டாப்பிறகு சாமியார் குடுக்கிற பரிகாரம். பேனாட் சிரிச்சார். "சரி, இப்ப தாவன். அஞ்சு பரலோக மந்திரமோ, பத்தோ?"

"மக்டலீனுக்குப் போன் எடுத்து உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

"விசரோ உனக்கு?"

"அப்ப நான் மன்னிக்கேல்லை. மன்னிப்பில்லாட்டி அது பாவசங்கீர்த்தனமும் இல்லை. காய்ச்சலிலை நீங்கள் கதைச்ச கதை. கதையை நான் ஆருக்கும் சொல்லுவன்."

"நீ என்ன பெரிய சாமியாரோ?"

"ஓம். நீங்கள்தானே ஆக்கிவிட்டனீங்கள்."

மெய்யான சாமியாரைக் கேட்டா இதை ஒத்துக்கொள்ளமாட்டார். நான் கேக்கப் போகேல்லை. பேனாட் அழுதார், கும்பிட்டார். எனக்கு இரக்கம் வரேல்லை, சந்தோசமாய்த்தான் இருந்தது. மக்டலீனின்ரை நம்பர் நடாஷாவிட்டை இருந்தது, எனக்குத் தெரியாமல் சின்னம்மாவோடை கதைக்கிறவளாம். ஸ்பீக்கரிலை போட்டு, பேனாட்டின்ரை தலைமாட்டிலை நிண்டே எல்லாத்தையும் சொன்னன். அவள் அவரைக் கிழிகிழியெண்டு கிழிக்கவேணும், அதை அவர் கேக்கவேணும். அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடினார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா," எண்டாள் மக்டலீன். "என்னட்டைத் தராத கடிதம் வேறை ஆரிட்டை இருக்கும்? அத்தானிலை எனக்குக் கோபமில்லை, அவர் பிறத்தி ஆள். உங்களிட்டைத்தான் ஒண்டு கேக்கவேணும். நான் மாதாவிலை ஆணையிடேக்கை நீங்கள் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. உண்மையைச் சொல்லுங்கோ, என்னை நம்பினனீங்களோ?"

இல்லையெண்டு சொல்லியிருக்கலாம். ஏனோ பொய் வரேல்லை.

"நம்பினனான்," எண்டன். அதை அண்டைக்கு ஒத்துக்கொண்டா மனுசனை விட்டிட்டெல்லே போகவேணும். வேலையுமில்லை, பாஷையுமில்லை, அந்தப் பனிக்குள்ளை நான் எங்கை போறது? தங்கச்சியைத் துரத்துறது லேசாய் இருந்தது.

"அது போதும். இனி எடுக்காதேங்கோ," எண்டு சொல்லிப்போட்டு அவள் போனை வைச்சாள்.

பேனாட் போர்வையை மெல்ல விலத்தி என்னைப் பாத்தார். "அப்ப உனக்கும் அண்டைக்கே தெரியும்," எண்டார். பிறகு கட்டிலிலை மற்றப் பக்கம் அரக்கி, நான் இருக்க இடம் விட்டார்.