ஒப்பிக்கக் கேட்டவள்

பூந்தமல்லிக்கு மருமகளாகப் போன ராபியா, சீர்வரிசையோடு ஓர் அரியர் பேப்பரையும் கொண்டுபோனாள். பி.எஸ்ஸி. பிஸிக்ஸில் மற்றதெல்லாம் பாஸ். குவாண்டம் மட்டும் மூன்று தடவை காலை வாரிவிட்டது. டிகிரி கைக்கு வந்தால் ஐயப்பன்தாங்கல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாமியார் ஷரீஃபுன்னிசா மட்டும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நாலாந்தபா எழுதிக்கோ, வாணாங்கலை. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா பொஸ்தகத்தைப் பேப்பர்காரனாண்ட போட்டுட்டு ஊட்டு வேலையைப் பாரு."

அது எண்பத்தெட்டாம் வருஷம். ராபியாவுக்குப் படிப்பதென்றால் நெட்டுருப் போடுவதுதான். அவள் மட்டுமா? பாதிக் கல்லூரி அப்படித்தான் படித்தது. நாமெல்லாம் என்னமோ யோக்கியர்கள் மாதிரி அவளை மட்டும் சொல்வானேன்! ஆனால் நெட்டுருப் போட்டதை ஒப்பித்தால் கேட்க ஓர் ஆள் வேண்டுமே. புருஷன் அமீருதீன் லுங்கிக் கடையே கதி என்று கிடப்பவன். அகப்பட்டவள் நாத்தனார் ஜமீலா. பதினெட்டு வயது. வயசுக்கு வந்ததும் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்.

மதியம் லுஹர் தொழுது, சாப்பிட்டு, மாமியார் கண்ணயர்ந்ததும் இருவரும் அடுப்படிக்கு வெளியே உட்காருவார்கள். ராபியா பார்க்காமல் சொல்லிக்கொண்டே எழுதுவாள். ஜமீலாவுக்கு மடியில் புத்தகம், பக்கத்தில் முறம் நிறையப் பூண்டு. பூண்டு உரித்த விரலாலேயே வரிவரியாகத் தொட்டுச் சரிபார்ப்பாள். அந்தக் கிரேக்க எழுத்துக்கெல்லாம் அவளே பேர் வைத்துக்கொண்டாள். தீட்டாவுக்குக் கோடு போட்ட முட்டை. சை என்ற எழுத்துக்கு உண்டிகோல். கவிழ்ந்த முக்கோணத்துக்குச் சமோசா.

"அண்ணி, நில்லு நில்லு! உண்டிகோல் தலையில நட்சத்திரம் எங்க?"

"எங்கடி?"

"நாலாவது வரில. அப்பால சமோசாவுக்கு முன்னாடி கழித்தல் குறி. நேத்தும் அங்கதான் உட்டே. இன்னா படிக்கிறியோ போ!"

எட்டாங்கிளாஸ் நம்மைத் திருத்துவதா என்று ராபியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். பிறகு இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சத்தம் கேட்டு மாமியார் எழுந்துவிட்டால் அன்றைய படிப்பு அம்பேல்! புத்தகத்தின் பக்கமெல்லாம் பூண்டு வாடை. எங்கே பூண்டு வாடை அடித்தாலும் ராபியாவுக்கு இன்றைக்கும் அந்த மதியங்கள்தான் ஞாபகம் வரும். அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் படித்ததில்லை.

ரிசல்ட் வந்த அன்று கல்லூரிக்குப் போய்ப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது. பாஸ்! பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டே வந்தாள். மாமியார் அவள் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினாள். தெருவுக்குச் சொல்ல வேண்டாமா?

ஜமீலா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸாயிட்ட இல்ல, இப்ப ஒண்ணு கேக்கட்டா? படிக்கிறப்ப கேட்டா உனுக்கு டயம் வேஸ்டுன்னு கம்முனு இருந்தேன்."

"கேளுடி தங்கம்."

"அந்தப் பொஸ்தகம் எத்தப் பத்தி அண்ணி?"

ராபியா வாயைத் திறந்தாள். வந்தது மனப்பாடம்தான். "கன்சிடர் எ பார்ட்டிகிள் ஆஃப் மாஸ் எம்..." என்று ஆரம்பித்தாள். ஜமீலாவும் கூடவே சொன்னாள். ஒரு நட்சத்திரம் விடாமல், ஒரு கழித்தல் குறி விடாமல், கடைசி வரி வரைக்கும் சொன்னாள்.

"இது எனக்கும் தெரியுமே. எத்தப் பத்தின்னு கேட்டேன்."

"தெரியாதுடி," என்றாள் ராபியா. கல்லூரியில் எந்த வாத்தியாரிடமும் அவள் சொல்லாத சொல் அது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜமீலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அல்லாவே! அப்டீன்னா நானுந்தான் பாஸு!"

ராபியாவும் சிரித்தாள். ஆனால் ஜமீலாவுக்குச் சிரிப்பு நின்றும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் மாமியாரின் குரல் ஓங்கிக் கேட்டது.

"எங்க ஊட்டுலயே டிகிரி படிச்சது இவ ஒருத்திதான்!"