இண்டியின் நரம்பில் மாட்டியது

1

தூண்டிலில் மாட்டியது கனமாக இருக்கிறது, ஆனால் தலையை உதறவில்லை. வஞ்சிரம் என்றால் இந்நேரம் ரீல் அலறியிருக்கும். இண்டி துடுப்பை மடியில் போட்டுவிட்டுச் சுற்றுகிறாள், சுற்றிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறாள். அண்ணன் லாக்கியின் கயாக் படகு கவிழ்ந்து கிடக்கிறது. ஆளைக் காணோம். அவளுடைய தூண்டில் நரம்பு நேராக அந்தப் பக்கம்தான்—

(இங்கே பேனாவை வைத்துவிட்டேன். முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.)

2

விடிந்ததும் என் அண்ணன் என்னைக் கரை முனைக்கு அப்பால் கடலுக்குக் கூட்டிப்போகிறான். ஆளுக்கொரு கயாக், பின்னால் தூண்டிலில் கட்டிய பொய்மீனை இழுத்துக்கொண்டே துடுப்புப் போட வேண்டும். வரமாட்டேன் என்று சொல்ல வெட்கம். பயத்தை வேறொருத்தி தலையில் கட்டினால் தூக்கம் வரும் என்று இண்டியை உண்டாக்கினேன். வரவில்லை.

3

லாக்கி எப்படி விழுந்தான்?

அவனுக்கு வஞ்சிரம் மாட்டியது. ஒருவனுக்கு மாட்டினால் மற்றவன் தன் நரம்பைச் சுற்றி உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். எங்கள் கரையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"இண்டி, உன்னோடத உள்ள எடு."

"வஞ்சிரம் தனியா வராதுடா. எனக்கும் ஒண்ணு மாட்டட்டும்."

"உனக்கு மாட்டுறது பூரா பாசிதான். எடு சொல்றேன்."

அவள் எடுக்கவில்லை. அவனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அவன் மீனின் செவுளை அறுத்து, ரத்தம் வடிய விளிம்புக்கு வெளியே சாய்த்துப் பிடித்திருந்தான். பக்கவாட்டில் ஒரு அலை.

(முதல் பிரதியில் இண்டி சமர்த்து, சொன்னதும் சுற்றிவிட்டாள். கதையே நகரவில்லை. அவளை அடம்பிடிக்க வைத்தவள் நான்தான்.)

4

அலை தூக்கும்போது ஆரஞ்சு நிறம் தெரிகிறது. அவனுடைய லைஃப் ஜாக்கெட். அவளுடைய தூண்டில் முள் அதில் மாட்டியிருக்கிறது. முகம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, தெரியவில்லை. கத்திக் கத்திக் கூப்பிடுகிறாள்.

முடிவு ஒன்று: சுற்றச் சுற்ற அருகில் வருகிறான். இருமிக்கொண்டே, "பெரிய மீனு புடிச்சிட்ட போ" என்கிறான்.

எழுதிவிட்டு அடித்தேன். அவள் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு அவன் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லையே.

முடிவு இரண்டு: அவள் நரம்பை வெட்டிவிட்டு அவனை நோக்கித் துடுப்பு—

இல்லை. நரம்பு போனபின் இந்த அலையில் அவனை எங்கே என்று தேடுவாள்?

முடிவு மூன்றை நான் யோசிக்கவில்லை, தானாக வந்தது. ரீல் திரும்புகிறது. நரம்பு மெதுவாக, சீராக, அவளை விட்டு வெளியே போகிறது. தண்ணீரில் இன்னும் மீன் ரத்தம். மாட்டிய மீனில் பாதியை வரி வசூலிக்கிற மாதிரி கடித்துக்கொண்டு போகும் சுறாவை நாங்கள் வரிக்காரன் என்போம். அதன் பெயரை இதுவரை எழுதாமல் சமாளித்தேன்.

லாக்கி கண் விழித்துத் தன் கயாக்கை நோக்கி நீந்துகிறான் என்றால், அவள் விட்டுவிட வேண்டும். பிடித்து இழுத்தால் முகம் தண்ணீருக்குள் போகும். வரிக்காரன் என்றால் விடவே கூடாது.

இண்டியின் கட்டைவிரல் ரீல் மேல் இருக்கிறது. ஜன்னல் வெளுக்கிறது. அண்ணன் எழுந்து கதவைத் தட்டுகிறான்.

அந்த முனையில் இழுப்பது யார்?