கட்டில் குமிழ்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தொழிற்சாலையில் புது உயர் அழுத்தச் சுவிட்சுப் பெட்டியை முதல் தடவை போட்டபோது உள்ளே பொறி பாய்ந்தது. லைன்மேன் வீரய்யாவின் இடது புருவம் கருகிப்போயிற்று.

மின் பொறியியலாளர் தர்மராசா மலைக்காற்றின் மேல் பழி போட்டான். பெட்டிக்குள் கம்பிக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவே காப்பாக நிற்பது வெறும் காற்று. உயரத்தில் அது மெலிந்துவிடும். இடைவெளியைக் கூட்டினான். மறுபடியும் பொறி.

"இன்னொரு புருவந்தான் பாக்கிங்க ஐயா," என்றான் வீரய்யா. "வெள்ளிக்கிழமைச் சோதனைக்கும் நான்தானே போடணும்?"

தர்மராசா பெட்டியின் கதவைச் சாத்தினான். மனைவி கமலாம்பிகை இறந்த பிறகு, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் பொறி ஏன் பாய்கிறது என்பது மட்டும் மனதை அரித்தது.

குவார்ட்டர்ஸ் மேசையில் எனாமல் தட்டம் வைத்துத் தண்ணீர் ஊற்றினான். கம்பிக்கும் சுவருக்கும் பதிலாக இரண்டு தகரத் துண்டுகளை நிறுத்திச் சிறு மின்சாரம் கொடுத்தான். ஊசியால் தண்ணீரைத் தொட்டபடி, அதோடு இணைத்த டெலிபோன் குழலைக் காதில் வைத்துக் கேட்டான். ரீங்காரம் அடங்கும் இடங்களெல்லாம் ஒரே மின்னழுத்தம் உள்ளவை. அவற்றைத் தாளில் குறித்துக் கோடாக இணைத்தான். கோடுகள் நெருங்கும் இடத்தில் காற்றின் மேல் சுமை அதிகம்; பொறி அங்கேதான் பாயும்.

கோடுகள் ஒழுங்காக விலகியே நின்றன. கணக்குப்படி பொறி பாயக் கூடாது.

மறுநாள் கேட்டான். "வீரய்யா, பெட்டிக்குள்ள வேற என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. கம்பியப் பிடிக்கிற போல்ட்டு. மொனை கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான்."

தகரத்தில் ஒரு முனை வெட்டிச் சேர்த்தான். கோடுகள் அத்தனையும் அங்கே போய் மொய்த்தன. மற்ற இடத்தைவிட ஐந்து மடங்கு சுமை.

முனையை அறுத்தாலும் விளிம்பு கூர்தான். உருண்டையாக ஒன்று வேண்டும்.

அறைக்குள் போனான். கல்யாணக் கட்டிலின் பித்தளைக் குமிழில் கமலாம்பிகையின் கறுப்பு ரிப்பன் இன்னும் தொங்கியது. அதை எடுத்துத் தலையணையின் கீழ் வைத்துவிட்டுக் குமிழைத் திருகிக் கழற்றினான். குமிழின் வளைவுக்குத் தகரம் வெட்டித் தட்டத்தில் வைத்தான். கோடுகள் விலகிக்கொண்டன.

வெள்ளிக்கிழமை போல்ட்டின் மேல் குமிழைப் பூட்டியதும் வீரய்யா விரலால் அளந்து பார்த்தான்.

"முந்தியவிட இடைவெளி குறைஞ்சு போச்சேங்க. ஆபத்தும் குறைஞ்சுதுங்கிறீங்க."

"ஓம். ரெண்டும் குறைஞ்சுது."

"நம்பலாங்களா?"

"நீ தள்ளி நில்லு. நான் போடுறன்."

பிடியை இழுத்தான். பொறி இல்லை. சற்று நேரத்தில் தேயிலை அரைக்கும் உருளைகள் சுழலத் தொடங்கின. வீரய்யா மிஞ்சிய புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"மடுல்சீமைத் தோட்டத்திலயும் இதே பெட்டிதாங்க மாட்டப் போறாங்க," என்றான்.

தர்மராசா திரும்பினான். "அதில போல்ட் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிக்குது?"